ஒரு கப் சளியை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி

23 வருடமாகச் சளி பார்க்கிறேன். மலையோரம் கொஞ்ச காலம், கடற்கரையில் கொஞ்ச காலம், இப்போது தக்கலைப் பக்கம் என்று கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே மாறி மாறி வேலை. டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துப் புதிதாகக் காசநோய் லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் சொல்லிக்கொடுப்பதை ஒருதரம் முழுசாக எழுதிவைக்கிறேன். புத்தகத்தில் எல்லா அளவும் இருக்கிறது. ஆனால் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர் எப்போது சளி எடுப்பார், ஆனி மாத மழையில் ஸ்லைடு எப்படிக் காயும் என்பதெல்லாம் அதில் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பெரிய தவறுகள் மைக்ராஸ்கோப்பில் நடந்தவை இல்லை. கப்பில் நடந்தவை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். கடலுக்குப் போகிற ஒரு அண்ணன், முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு மாத இருமலோடு வந்தார். மறுநாள் படகு கிளம்புகிறது என்று அவசரம். கப்பை வாங்கிக்கொண்டு வெளியே போனவர் இரண்டு நிமிடத்தில் திரும்பினார். உள்ளே இருந்தது நுரை நுரையான எச்சில். பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாங்கி வைத்தேன், வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். ஸ்லைடு போட்டேன், 100 ஃபீல்டு, அதாவது மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரிகிற வட்டம் நூறு, பார்த்தேன், ஒன்றும் இல்லை. நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து அவர் எலும்பும் தோலுமாக வந்தார். அன்றைக்கு ஸ்லைடு முழுக்கக் கிருமி, 3 பிளஸ். கூட வந்த நான்கு வயது மகளுக்குக் கழுத்தில் கட்டி. எச்சிலில் கிருமி இல்லை என்று நான் பார்த்தது உண்மை. அவர் நெஞ்சில் இல்லை என்று என் கையெழுத்துப் போட்ட தாள் சொன்னது பொய். இரண்டு பேருக்கும் மருந்து கேட்டது, நல்லபடியாக இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஆனாலும் அந்த மூன்று மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அதனால்தான் கப்பில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கப் கொடுக்கும்போது

வாய் அகலமான, திருகு மூடி போட்ட, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கப்பாக இருக்க வேண்டும். பெயரையும் லேப் நம்பரையும் கப்பின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள். நான்கு கப்பைத் திறந்து வேலை செய்துவிட்டு மூடும்போது மூடி மாறினால் ஆள் மாறிப்போவார். நோய் இல்லாதவர் ஆறு மாதம் மாத்திரை விழுங்குவார், நோய் இருக்கிறவர் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்.

கப்பைக் கையில் கொடுத்து “துப்பிட்டு வாங்க” என்று சொன்னால் எச்சில்தான் வரும். அது நம் தவறு, அவர்கள் தவறு இல்லை. நான் எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போவேன். ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த இடம் வேண்டும். லேபுக்குள்ளேயும் கழிப்பறைக்குள்ளேயும் ஒருநாளும் எடுக்கச் சொல்லக் கூடாது. மூடிய இடத்தில் இருமினால் கிருமி காற்றில் மணிக்கணக்காக நிற்கும். நம் ஊரில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லை, வெளியே நிறுத்துங்கள்.

முதலில் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். வெற்றிலை போடுகிற ஆச்சிமார் என்றால் இரண்டு மூன்று தடவை. காலையில் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு நேரே வருகிறவர்களும் அப்படித்தான். சாப்பாட்டுத் துணுக்கும் பாக்கு நாரும் ஸ்லைடில் சாயம் பிடித்துக்கொண்டு கண்ணை ஏமாற்றும். கொப்பளித்த பிறகு, மூச்சை ஆழமாக இழுத்து ஒரு நொடி நிறுத்தி விட வேண்டும். இதேபோல் இன்னொரு தரம். மூன்றாவது தடவை இழுத்ததும் அடிவயிற்றில் இருந்து இருமி, வந்ததைக் கப்பில் விட வேண்டும். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று என் பக்கமிருந்து அவர் பக்கம் போகிற மாதிரி நின்று, மூச்சு இழுப்பதை மட்டும் செய்து காட்டுவேன்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்து வந்த ஒரு பாட்டாவிடம், “தொண்டையில இருந்து காறப்பிடாது பாட்டா, நெஞ்சுக்குள்ள இருந்து வரணும்” என்றேன். “அதுக்கு நெஞ்சுல பெலம் வேண்டாமா மக்ளே” என்றார். அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, முன்பக்கம் சாய்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றச் சொன்னேன். குடிக்க வெந்நீர் கொடுத்தேன். கால் மணி நேரம் ஆனது. வந்தது மூன்று மில்லி, கட்டியாக, மஞ்சளாக, கப்பைச் சாய்த்தால் மெதுவாக இழுத்துக்கொண்டு நகர்கிற சளி. அதுதான் நமக்கு வேண்டியது. அளவு 2 முதல் 5 மில்லி. சாய்த்தவுடன் தண்ணீர் மாதிரி ஓடினால் அது எச்சில், திருப்பிக் கொடுங்கள். கடிந்து பேச வேண்டாம், இன்னொரு கப்பும் இன்னும் பத்து நிமிடமும் கொடுத்தால் போதும்.

ஒருவரிடம் இரண்டு சளி வாங்க வேண்டும். வந்த உடனே எடுப்பது ஒன்று, மறுநாள் காலை எழுந்ததும் எடுப்பது ஒன்று. காலைச் சளியில்தான் கிருமி கூடுதலாக இருக்கும், ராத்திரி முழுக்க நெஞ்சில் சேர்ந்தது அது. ஆனால் ரப்பர் வெட்டுகிறவர் இருட்டோடு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார். பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்து வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். அவருக்குக் காலை என்றால் அதிகாலை மூன்றரை. முந்தின நாளே கப்பைக் கொடுத்து, “கட்டிலை விட்டு எழுந்ததும், கட்டன் சாயா குடிக்கிறதுக்கு முன்னால” என்று நேரத்தைச் சொல்லிவிடுவேன். எடுத்த கப்பை இறுக்கி மூடி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகட்டும். வீட்டில் யாராவது கொண்டுவரலாம். கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்குக் கரையில் இருக்கும் நாள் பார்த்துத்தான் கப் கொடுக்க வேண்டும். அந்த மனிதருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்காமல் கப்பை நீட்டாதீர்கள்.

ஸ்லைடு போடுவது

இப்போது சந்தேக நோயாளிக்கு முதல் பரிசோதனை சிபிநாட், ட்ரூநாட் என்ற மெஷினில்தான். அப்படியானால் சளியை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்க்கிற ஸ்மியர் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். மருந்து சாப்பிடுகிறவருக்கு நோய் குறைகிறதா என்று பார்க்க ஸ்மியரும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரும்தான் வேண்டும். மெஷின் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. செத்த கிருமிக்கும் மரபணு உண்டு, அதையும் பிடித்துக் காட்டிவிடும். அதனால் ஸ்மியர் கைவேலை போய்விடவில்லை, நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

புது ஸ்லைடுதான் எடுக்க வேண்டும், கழுவின பழையது ஆகாது. வைர முனைப் பென்சிலால் ஒரு ஓரத்தில் லேப் நம்பரைக் கீறுங்கள், கப்பில் உள்ள நம்பரோடு ஒத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு மூடியைத் திறங்கள். சளி எடுக்க நமக்குத் தென்னை ஈர்க்குச்சியை விட நல்ல கருவி கிடையாது. கையால் ஒடித்தால் முனை பிரிபிரியாக வரும், கட்டிச் சளி அதில் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் வெட்டினால் முனை வழுவழுப்பாகிச் சளி நழுவிவிடும். கப்பை வெளிச்சத்தில் பிடித்து, மஞ்சளாக அல்லது சீஸ் துணுக்கு மாதிரி இருக்கிற இடத்தைத் தேடி அதை எடுங்கள். மேலே மிதக்கும் நுரையை எடுத்தால் இவ்வளவு நேரம் அந்தப் பாட்டா பட்ட பாடு வீண்.

ஸ்லைடின் நடுவில் 3 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துப் பரப்ப வேண்டும். கனம் சரியா என்று பார்க்க, சாயம் போடுவதற்கு முன் காய்ந்த ஸ்லைடை ஒரு தினத்தந்தி பேப்பருக்கு மேல் நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். எழுத்தை வாசிக்க முடிய வேண்டும். வாசிக்கவே முடியாவிட்டால் கனம் அதிகம், கழுவும்போது உரிந்து போகும். ஸ்மியர் இருக்கிற இடமே தெரியாவிட்டால் மெலிசு. ஒரு சளிக்கு ஒரு குச்சி. வேலை முடிந்ததும் குச்சி 5 சதவீத ஃபீனால் இருக்கிற டப்பாவுக்குள்.

சாதாரண நாளில் 15 நிமிடம் முதல் அரை மணியில் ஸ்லைடு தானாகக் காய்ந்துவிடும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்கு ஜூனில் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு திரும்பவும் வரும். அந்த மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும், ஸ்லைடு முக்கால் மணி ஆனாலும் பிசுபிசுக்கும். அவசரப்பட்டு ஈர ஸ்லைடைத் தீயில் காட்டாதீர்கள். ஈரச் சளி சூட்டில் தெறிக்கும், ஸ்மியரும் வெடித்துப் பிளக்கும். மழை நாளில் ஸ்லைடு போடும் வேலையைக் காலையிலேயே முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, சளிப்பக்கம் மேலே இருக்கத் தீயின் மேலே ஒரு தடவைக்கு 3, 4 நொடி என்று 3 முதல் 5 தடவை காட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

உட்காரும் இடமும் முக்கியம். காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருந்து வந்து மேஜையைத் தாண்டி ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டும். எதிர்க்காற்றில் உட்கார்ந்து ஒரு கப்பையும் திறக்காதீர்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடும்போதும் திறக்காதீர்கள். வேர்த்தால் வேர்க்கட்டும்.

சாயம்

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் இந்தக் கிருமியை அறிவித்தபோது அவருக்கும் பெரிய சிரமம் சாயம் ஏற்றுவதுதான். இந்தக் கிருமியின் சுவர் மெழுகு மாதிரியான கொழுப்பால் ஆனது, சாதாரணச் சாயம் உள்ளே போகாது. ஃபீனாலும் சூடும் சேர்ந்தால் போகும். போன பிறகு ஆசிட் ஊற்றினாலும் வெளியே வராது. ஜீல், நீல்சன் என்ற இரண்டு ஜெர்மானியர் பெயரில் நாம் செய்கிற முறை முழுக்க இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நிற்கிறது.

ஸ்லைடுகளை ஒன்றோடொன்று தொடாமல் ஸ்டாண்டில் அடுக்கி, 1 சதவீத கார்பால் ஃபுக்சினை வடிகட்டி ஊற்றுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் சாயப் படிகம் சிவப்பாக நீளமாக உட்கார்ந்து கிருமி மாதிரியே நிற்கும். கீழிருந்து சூடு காட்டுங்கள். ஆவி கிளம்பியதும் தீயை எடுத்துவிடுங்கள், கொதிக்கவே கூடாது. ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் சாயம் காய ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். பிறகு தண்ணீரில் மெதுவாகக் கழுவி, 25 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட் 2 முதல் 4 நிமிடம். திரும்பக் கழுவிப் பார்த்தால் ஸ்மியர் கிட்டத்தட்ட நிறமில்லாமல் தெரிய வேண்டும். இன்னும் சிவப்பு இருந்தால் ஆசிட் இன்னொரு தரம். கடைசியில் 0.1 சதவீத மெத்திலின் புளூ 30 நொடி. கழுவி, சாய்த்து வைத்துக் காய விடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம்.

கழுவுவதற்கு வடிநீர்தான், அதாவது டிஸ்டில்டு வாட்டர். நாகர்கோவிலுக்கு வருகிற முக்கடல் அணைத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் சாயம் கலக்கவும் ஸ்லைடு கழுவவும் குழாய்த் தண்ணீர் எங்கேயுமே ஆகாது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரர்கள் மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்கிறார்கள். குழாயின் உள்பக்கம் படிந்திருக்கிறவை ஸ்லைடில் வந்து உட்கார்ந்தால் அவையும் சிவப்பாகத்தான் தெரியும்.

ஆசிட் கலக்குவதைப் பக்கத்தில் நின்று ஒருதரம் பார்க்காமல் தனியாகச் செய்யாதீர்கள். நான் செய்வது இப்படி. ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, அதற்குள் பெரிய கண்ணாடிக் குடுவை. குடுவையில் 750 மில்லி வடிநீர். கண்ணாடியும் கையுறையும் ஏப்ரனும் போட்டபின், 250 மில்லி அடர் ஆசிடைக் குடுவையின் சுவரோரமாக நூல் மாதிரி விடுவேன். விடும்போதே அடியில் எண்ணெய் மாதிரி அலையலையாக இறங்குவது தெரியும். குடுவையைத் தொட்டால் சுடும். நிறுத்தி, மெதுவாகச் சுற்றி, சூடு இறங்கின பிறகு அடுத்த கொஞ்சம். 250 மில்லி ஊற்ற எனக்கு அரை மணி ஆகும். தண்ணீருக்குள்தான் ஆசிட் போக வேண்டும். ஆசிடுக்குள் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். இதில் யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் காது கொடுக்காதீர்கள்.

புதிதாகச் சாயம் கலக்கிய ஒவ்வொரு தடவையும், பாசிட்டிவ் என்று தெரிந்த ஒரு ஸ்லைடையும் நெகட்டிவ் என்று தெரிந்த ஒன்றையும் அதில் முக்கிப் பார்த்த பிறகுதான் நோயாளி ஸ்லைடைத் தொட வேண்டும்.

பார்ப்பது

லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் இடையில் விடுகிற எண்ணெய்ச் சொட்டு மேலிருந்து தானாக விழ வேண்டும், சொட்டுக்குச்சி ஸ்லைடைத் தொடவே கூடாது. தொட்டால் ஒரு ஸ்லைடின் கிருமி அடுத்த ஸ்லைடுக்குப் பயணம் போய்விடும். 100 மடங்கு லென்ஸைப் போட்டு, இடது ஓரத்தில் ஆரம்பித்து நேர்கோட்டில் வலது ஓரம் வரை நகர்த்துங்கள்.

முதல் தடவை கிருமியைப் பார்க்கும்போது மறக்க மாட்டீர்கள். வெளிர் நீலப் பின்னணி, அதில் சளிச் செல்கள் ஊதா நிழலாகக் கிடக்கும். இடையில் மெல்லிய சிவப்பு நூல் துணுக்கு ஒன்று, லேசாக வளைந்து, சில சமயம் உள்ளே மணி கோத்த மாதிரி விட்டுவிட்டுச் சாயம் ஏறி இருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிலிருந்து நான்கு பங்கு. இரண்டு சேர்ந்து ஆங்கில வி மாதிரி நிற்கும், குவியலாகவும் கிடக்கும். ஃபோகஸ் திருகைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசையுங்கள். கிருமி செல்களோடு அதே தளத்தில் தெரியும். சாயப் படிகம் வேறு தளத்தில் பளபளவென்று மின்னும், ஓரம் கூர்மையாக இருக்கும். பாக்கு நார் என்றால் அளவே தாறுமாறாக இருக்கும்.

கணக்கு இது. 100 ஃபீல்டில் ஒன்றும் இல்லை என்றால் நெகட்டிவ். 100 ஃபீல்டில் 1 முதல் 9 வரை என்றால் அந்த எண்ணையே அப்படியே எழுத வேண்டும், இதற்குப் பெயர் ஸ்கேண்டி, கொஞ்சம்தான் என்று அர்த்தம். 10 முதல் 99 வரை என்றால் 1 பிளஸ். ஒரு ஃபீல்டுக்கு 1 முதல் 10 என்றால் 2 பிளஸ், 50 ஃபீல்டு பார்த்தால் போதும். ஒரு ஃபீல்டுக்குப் பத்துக்கு மேல் என்றால் 3 பிளஸ், 20 ஃபீல்டு போதும். நெகட்டிவ் ஸ்லைடுதான் நேரம் எடுக்கும். குறைந்தது ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு 20, 25 ஸ்லைடுக்கு மேல் ஒரு ஆள் பார்க்கக் கூடாது, கண் தானாகவே இல்லை இல்லை என்று சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஸ்மியரில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமி இருக்க வேண்டும். அவ்வளவு இருந்தும் நாம் எச்சிலை எடுத்துப் பரப்பினால் தெரியாது. அந்த அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

லேபில் ஆராமின் சாயமும் எல்இடி மைக்ராஸ்கோப்பும் இருந்தால் வேலை சுலபம். கறுப்பு இரவில் மின்மினி மாதிரி மஞ்சள் பச்சையாகக் கிருமி ஒளிரும், சின்ன லென்ஸிலேயே பெரிய பரப்பைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். அறை இருட்டாக இருக்க வேண்டும், சாயம் போட்ட ஸ்லைடை வெளிச்சத்தில் போட்டு வைக்கக் கூடாது.

மைக்ராஸ்கோப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி படரும். நான் வேலை முடிந்ததும் எண்ணெயை லென்ஸ் பேப்பரால் ஒற்றி எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் வைத்துவிடுவேன். நீல மணிகள் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போட வேண்டும்.

மெஷினும் கல்ச்சரும்

சிபிநாட் மெஷினில் சளிக்கு இரண்டு பங்கு ரீஏஜென்ட் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் வைத்து, இடையில் ஒருதரம் குலுக்கி, 2 மில்லியைக் கார்ட்ரிட்ஜில் விடுவதுதான் நம் வேலை. மீதியை அது சுமார் 2 மணி நேரத்தில் பார்த்துக்கொள்ளும். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அடங்குமா என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லும். கட்டி இருந்தால் இன்னும் குலுக்குங்கள், குழாயில் கட்டி ஏறினால் எரர் வரும். மின்சாரம் நடுவில் போனால் கார்ட்ரிட்ஜ் வீண், யுபிஎஸ் பேட்டரியை மாதம் ஒருதரம் சோதியுங்கள். மலையோர ஊர்களுக்குக் கோவாவில் தயாராகும் ட்ரூநாட் மெஷின்தான் வசதி, சின்னது, பேட்டரியிலும் ஓடும்.

கல்ச்சர் மாவட்ட அளவில் நாம் போடுவதில்லை. உயிருள்ள கிருமியை வளர்த்துப் பெருக்குகிற வேலை அது, அதற்கென்று கட்டிய பாதுகாப்பு லேபில்தான் செய்ய வேண்டும். நமக்கு வருவது அனுப்புகிற பொறுப்பு. திருகு மூடிக் குழாயில் சளி, கசிந்தால் உறிஞ்ச அதைச் சுற்றிப் பஞ்சு, அதற்கு மேல் ஒரு கவர், அதற்கு மேல் ஐஸ் பேக் வைத்த பெட்டி. 2 முதல் 8 டிகிரி குளிரில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். சூட்டில் கிடந்தால் வாயில் இருக்கும் மற்ற பாக்டீரியா பெருகிக் கல்ச்சரையே மூடிவிடும். ஈ கோலி 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிறது. காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். அதனால்தான் முட்டையும் மாலக்கைட் பச்சையும் சேர்ந்த லோவன்ஸ்டீன் ஜென்சன் மீடியத்தில் காய்ந்த ரொட்டித் தூள் மாதிரியான காலனி வரத் தொடங்கவே மூன்று வாரம் ஆகும், எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். “ரிசல்ட் எப்ப வரும்” என்று கேட்பவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இந்தக் காத்திருப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு. 1956ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு நிலையம்தான், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்ட அளவுக்குக் குணமாகும் என்று 1959ல் காட்டியது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க நோயாளியை வீட்டைவிட்டுப் பிரிக்காமல் மருந்து கொடுக்கும் வழி திறந்தது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம், மாதாமாதம் யாரோ ஒரு லேப் ஆள் போட்ட ஸ்மியரும் கல்ச்சரும்தான். வேலை அலுக்கும்போது நான் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

சிவப்பாக இருப்பதெல்லாம் காசநோய் இல்லை

கருங்கல் ஊர்ப் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா, முந்திரி ஆலையில் வேலை, பல வருடமாக இருமல். ஸ்மியரில் 2 பிளஸ். மெஷினில் கிருமி இல்லை என்று வந்தது. நான் பயந்துபோய், ஸ்லைடு மாறிவிட்டதோ, சாயம் கெட்டுவிட்டதோ என்று புது சளி வாங்கித் திரும்பப் பார்த்தேன். ஸ்மியர் பாசிட்டிவ், மெஷின் நெகட்டிவ், அதேதான். டாக்டரிடம் சொல்லி இரண்டு சளியையும் கல்ச்சருக்கு அனுப்பினோம். இரண்டிலும் வளர்ந்தது. வளர்ந்ததில் ஒரு சொட்டை எம்பிடி64 என்ற பரிசோதனை அட்டையில் விட்டால் காசநோய்க் கிருமிக்குக் கோடு விழும். விழவில்லை. அது என்டிஎம், அதாவது மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற உறவுக்கிருமி.

இதற்குக் காசநோய் மாத்திரையை அப்படியே கொடுத்தால் பலன் இல்லாமல் போகலாம். எந்த வகை என்று தெரிந்துதான் மருந்து. அதே சமயம் ஒரு சளியில் ஒருதரம் வந்துவிட்டது என்பதால் நோய் என்று முடிவுகட்டவும் முடியாது, தண்ணீரில் இருந்து வந்து ஒட்டியிருக்கலாம். வெவ்வேறு சமயம் எடுத்த இரண்டு சளியிலாவது அதே கிருமி வளர வேண்டும், எக்ஸ்ரேயும் அறிகுறியும் பொருந்த வேண்டும். அதனால் ஸ்மியரும் மெஷினும் முரண்பட்டால் ஒன்றை அழித்து எழுதிச் சரிக்கட்டாதீர்கள். இரண்டையும் எழுதி டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்ட இடத்திலும் லேப்ராஸ்கோப்பி துளையிலும் மாதக்கணக்கில் ஆறாமல் சீழ் வடிந்தாலும் இந்தக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சீழைப் பஞ்சில் எடுக்காமல் சிரிஞ்சில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு உறவு தொழுநோய்க் கிருமி. காது மடலில் சின்னதாகக் கீறி எடுக்கும் ஸ்மியருக்கும் இதே சாயம்தான், ஆனால் ஆசிட் 5 சதவீதம் போதும், அது அவ்வளவு பிடிவாதமாகச் சாயத்தைப் பிடித்து வைக்காது. 1873ல் ஹான்சன் கண்டுபிடித்ததில் இருந்து இன்றுவரை எந்த மீடியத்திலும் அதை யாரும் வளர்க்கவில்லை.

சாயங்காலம்

மூடியைத் தளர்த்தி, கப்பும் குச்சியும் எல்லாம் ஃபீனாலில் இரவு முழுக்க ஊறட்டும், இல்லை ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். மேஜையை ஃபீனாலால் துடையுங்கள். பார்த்த ஸ்லைடுகளைத் தூக்கி எறியாமல் நம்பர் வரிசையில் பெட்டியில் அடுக்குங்கள், மறுபார்வைக்கு வருகிறவர் பெயர் தெரியாமல் அதில் இருந்து எடுத்துப் பார்ப்பார். அவர் தவறு கண்டுபிடித்தால் கோபப்படாதீர்கள், உட்கார்ந்து அதே ஸ்லைடை அவரோடு சேர்ந்து பாருங்கள்.

பாசிட்டிவ் வந்ததை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். காசநோயாளிகளைப் பதிவு செய்கிற அரசு இணையதளமான நிக்ஷய்யில் ஏற்றுவது ஒன்று, ஆளுக்குச் செய்தி போவது இன்னொன்று. 2022ல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்த பிறகு, நோய் தெரிந்ததுமே எடை, ஆக்சிஜன், கால் வீக்கம் எல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நம் தாள் மேஜையில் கிடந்தால் அது ஒன்றும் நடக்காது. நான் அன்றைக்கே சுகாதாரப் பணியாளருக்குப் போன் போடுவேன். ரப்பர் வெட்டுகிறவர் மதியத்துக்கு மேல்தான் போன் எடுப்பார், கடலில் இருக்கிறவர் எடுக்கவே மாட்டார், வீட்டுக்காரி நம்பரையும் முதலிலேயே வாங்கி வையுங்கள்.